ஆறு எழுத்துகளைக் கொடுத்தால், அவை உள்ள ஆங்கிலச் சொற்கள் அனைத்தையும் கண்டுபிடிப்பது எப்படி?

ஈ, ஐ, எல், என், எஸ், டி என்னும் ஆறு எழுத்துகளைக் கொடுத்து, இவற்றைக் கொண்ட ஆங்கிலச் சொற்கள் அனைத்தையும் எப்படிக் கண்டுபிடிப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். ஓர் இணையதளம் ஐந்தே சொற்களைக் காட்டியதாகவும், இன்னொன்று பக்கம் பக்கமாகக் கொட்டியதாகவும் சொல்லி, இரண்டில் எதை நம்புவது, நாமே நிரல் எழுதினால் கணினி திணறாதா என்றும் சேர்த்துக் கேட்டிருக்கிறீர்கள். தேடும் முறையைக் கேட்பதுபோலத் தெரிந்தாலும், கேள்வியின் முடிச்சு வேறு இடத்தில் இருக்கிறது. அந்த இரண்டு தளங்களும் இரண்டு வேறு கேள்விகளுக்கு விடை சொல்லியிருக்கின்றன. அநேகமாக இரண்டு வேறு சொற்பட்டியல்களையும் வைத்திருக்கின்றன. நான் மென்பொருள் எழுதிப் பிழைப்பவன். எழுத்துக் கட்டைகளைப் பலகையில் அடுக்கிச் சொல் உருவாக்கிப் புள்ளி சேர்க்கும் ஸ்கிராபிள் ஆடுபவர்களுக்காகச் சொல் தேடும் நிரல்கள் எழுதியதும், பள்ளிப் பிள்ளைகளுக்கு அந்த ஆட்டத்தைச் சொல்லிக்கொடுத்ததும் உண்டு. மொழியியல் படித்தவன் அல்லன் என்பதால், நிரல், பட்டியல் ஆகியவை பற்றி உறுதியாகவும், மனிதர்கள் சொல்லைத் தேடும் விதம் பற்றி என் அனுபவம் என்ற அளவிலும் மட்டுமே சொல்கிறேன். இன்னொன்று: ஆங்கிலத்தின் நான்காம் எழுத்தும் இருபதாம் எழுத்தும் தமிழில் எழுதும்போது ஒன்றுபோலவே வந்து நிற்கும்; இந்தப் பதிலில் டி என்று தனியாக வரும் இடங்களில் எல்லாம் அது இருபதாம் எழுத்து என்று கொள்ளுங்கள்.

'இந்த எழுத்துகளைக் கொண்ட சொற்கள்' என்ற தொடருக்குக் குறைந்தது நான்கு பொருள்கள் உண்டு. ஆறு எழுத்துகளையும் மிச்சமின்றி, ஒவ்வொன்றையும் ஒருமுறை மட்டும் பயன்படுத்தும் சொற்கள் வேண்டும் என்றால், லிசன், சைலன்ட், என்லிஸ்ட், டின்சல், இன்லெட்ஸ் என்ற ஐந்தும் கிடைக்கும்; உங்கள் முதல் தளம் காட்டியது இவற்றைத்தான் என்று நினைக்கிறேன். ஆறில் சிலவற்றை மட்டும் எடுத்துக் கட்டும் சிறிய சொற்களும் வேண்டும் என்றால், லைன், லிஸ்ட், நெஸ்ட், இன்செட், இன்லெட் என்று பட்டியல் நீளும். ஸ்கிராபிள் ஆடுபவர் தம் கையில் உள்ள கட்டைகளைப் பார்த்துக் கேட்பது இந்தக் கேள்வியைத்தான். இதற்கு நேர் எதிரானது, ஆறும் கட்டாயம் இருக்க வேண்டும், கூடவே வேறு எழுத்துகளும் இருக்கலாம் என்பது. இதற்கு எசென்ஷியல், இன்எலாஸ்டிக், இன்ஸ்டால்டு போன்ற சொற்கள் வரும். நான்காவது, கொடுத்த எழுத்துகளைத் தவிர வேறு எதுவும் வரக்கூடாது, ஆனால் ஓர் எழுத்தை எத்தனை முறை வேண்டுமானாலும் பயன்படுத்தலாம் என்பது. அப்போது டென்னிஸ் வரும். அதில் என் இரண்டு முறை வருகிறது. நியூயார்க் டைம்ஸ் நாளிதழின் ஸ்பெல்லிங் பீ புதிர் இந்த வகையைச் சேர்ந்தது: ஏழு எழுத்துகள் தருவார்கள், நடுவில் உள்ள எழுத்து கட்டாயம் வர வேண்டும், சொல்லுக்கு நான்கு எழுத்தாவது இருக்க வேண்டும், ஏழையும் பயன்படுத்தும் சொல்லைப் பேன்கிராம் என்பார்கள்.

எழுத்துகள் அடுத்தடுத்து வர வேண்டும், அல்லது கொடுத்த வரிசையில் வர வேண்டும் என்ற நிபந்தனையும் சில புதிர்களில் உண்டு. டபிள்யூ, கே, டபிள்யூ மூன்றும் ஒட்டி வரும் சொல் எது என்றால் ஆக்வர்ட். உயிரெழுத்துகள் ஐந்தும் ஏ, ஈ, ஐ, ஓ, யூ என்று அதே வரிசையில் ஒவ்வொன்றும் ஒருமுறை வரும் சொற்கள் எவை என்றால் ஃபசீஷஸ், ஆப்ஸ்டீமியஸ். இவற்றுக்கு எழுத்துகளை எண்ணும் நிரல் எதுவும் தேவையில்லை. ரெகுலர் எக்ஸ்பிரஷன் எனப்படும் வடிவத் தேடலே போதும், யூனிக்ஸ் கணினிகளில் கிரெப் என்ற கட்டளை அதை ஒரே வரியில் செய்துவிடும்.

நம்மவர்கள் வழுக்கும் ஓர் இடத்தை இங்கேயே சொல்லிவிட வேண்டும். நாம் ஆங்கிலச் சொற்களைப் பெரும்பாலும் காதால் நினைவில் வைத்திருக்கிறோம். தமிழ் எழுத்தில் எழுதிப் பழகியவர்களுக்கு இது இன்னும் அதிகம். மூன்றாம் வகைக் கேள்விக்கு இன்டெலிஜன்ஸ் என்ற சொல்லைப் பிள்ளைகள் உடனே சொல்வார்கள். ஈ, ஐ, எல், என், டி எல்லாம் அதில் உண்டு. ஆனால் கடைசியில் காதில் விழும் ஸ், எழுத்தில் சி. எஸ் அந்தச் சொல்லில் இல்லவே இல்லை. இரண்டாம் வகையில் ஸ்டைல் சரியா என்று கேட்டால், பாணி என்ற பொருளில் வரும் ஸ்டைலில் ஒய் இருப்பதால் அது தவறு. வயல்வெளி வேலிகளைத் தாண்ட வைத்திருக்கும் படியைக் குறிக்கும் ஸ்டைல் ஐ போட்டு எழுதப்படுவதால் அது சரி. ஆகவே மனத்தால் தேடும்போது சொல்லைச் சொல்லிப் பார்க்காமல் எழுதிப் பார்ப்பது நல்லது.

இனி நிரல். பலருக்கும் முதலில் தோன்றும் வழி, எழுத்துகளை எல்லா விதமாகவும் மாற்றி அடுக்கி, ஒவ்வொன்றும் அகராதியில் இருக்கிறதா என்று பார்ப்பது. ஆறு வேறு எழுத்துகளுக்கு 720 அடுக்குகள். மூன்று எழுத்து முதல் ஆறு எழுத்து வரையுள்ள சொற்களையும் சேர்த்தால் 1,920. இது கணினிக்குப் பொருட்டே அல்ல. ஆனால் பத்து எழுத்து ஆகும்போது முழு நீள அடுக்குகள் மட்டும் 36,28,800 ஆகிவிடும். நீங்கள் அஞ்சிய திணறல் அங்கேதான் தொடங்கும். அந்த வழியில் போகவே தேவையில்லை. ஒவ்வொரு சொல்லின் எழுத்துகளையும் அகரவரிசைப்படி அடுக்கி, அந்த அடுக்கையே அந்தச் சொல்லுக்கு முகவரியாக வைத்துவிடுங்கள். லிசன், சைலன்ட், என்லிஸ்ட், டின்சல், இன்லெட்ஸ் ஐந்தும் ஈ, ஐ, எல், என், எஸ், டி என்ற ஒரே முகவரியில் வந்து குடியேறும். ஆட்டக்காரர்கள் இந்த முகவரியை ஆல்ஃபாகிராம் என்கிறார்கள். சொற்பட்டியல் முழுவதையும் ஒரே ஒருமுறை இப்படி அடுக்கி வைத்துவிட்டால், அதன் பிறகு முதல் வகைக் கேள்விக்கு விடை ஒரே எட்டில் கிடைக்கும். பைத்தான் நிரல்மொழியில், எழுத்துகளை அடுக்கித் தரும் சார்ட்டட் என்ற செயற்கூறும், முகவரியோடு அதற்குரிய சொற்களைச் சேர்த்து வைக்கும் டிக்ஷனரி என்ற அமைப்பும் இருந்தால் போதும், பத்து வரிகூட வராது.

இரண்டாம் வகைக்கும் இதே அடுக்கு உதவும். ஆறு எழுத்துகளிலிருந்து மூன்றும் அதற்கு மேலும் தேர்ந்தெடுக்க 42 வழிகள்தான் உண்டு. 1,920 இடங்களில் தேட வேண்டியதை 42 இடங்களில் தேடி முடித்துவிடலாம். ஸ்கிராபிளில் எந்த எழுத்தாகவும் வைத்துக்கொள்ளக்கூடிய வெற்றுக் கட்டை ஒன்று கையில் இருந்தால், 26 எழுத்துகளையும் மாற்றி மாற்றிப் போட்டுத் தேட வேண்டும். இரண்டு இருந்தால் 351 சேர்க்கைகள். அப்போதும் கண்ணிமைக்கும் நேரம்தான்.

மூன்றாம் வகைக்கு முகவரி முறை உதவாது. கூடுதல் எழுத்துகள் எவை என்று முன்கூட்டியே தெரியாதே. பட்டியலில் உள்ள ஒவ்வொரு சொல்லையும் எடுத்து எழுத்துகளை எண்ணிப் பார்க்க வேண்டியதுதான். மூன்று லட்சம் சொற்கள் இருந்தாலும் இன்றைய சாதாரண மடிக்கணினி ஓரிரு நொடிகளில் முடித்துவிடும். புதிதாக நிரல் எழுதுபவர்கள் மிக அதிகமாகச் செய்யும் பிழை இந்த இடத்தில்தான் வருகிறது. பைத்தானில் செட் என்ற அமைப்பு ஓர் எழுத்து இருக்கிறதா இல்லையா என்பதை மட்டும் வைத்துக்கொள்ளும், எத்தனை முறை என்பதை மறந்துவிடும். இரண்டாம் வகைக் கேள்விக்கு செட்டைக் கொண்டு விடை தேடினால், ஒரே ஓர் என் உள்ள கையிலிருந்து டென்னிஸ் வந்து நிற்கும். எண்ணிக்கையையும் சேர்த்து வைக்கும் கவுன்டர் என்ற அமைப்பைப் பயன்படுத்த வேண்டும். நான்காம் வகைக்கு மட்டும் செட்டே சரி, ஏனென்றால் அங்கே எண்ணிக்கைக்கு வேலையே இல்லை. ஆக, எந்த அமைப்பைத் தேர்வது என்பதைக்கூட உங்கள் கேள்வியின் பொருள்தான் தீர்மானிக்கிறது.

இதே வேலையைப் பகா எண்களைக் கொண்டு செய்யும் ஒரு முறை உண்டு, அழகுக்காகவே சொல்கிறேன். ஏ என்பதற்கு 2, அடுத்த எழுத்துக்கு 3, சி என்பதற்கு 5 என்று தொடங்கி, இசட் என்பதற்கு 101 வரை ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு பகா எண்ணைக் கொடுத்து, சொல்லின் எழுத்துகளுக்குரிய எண்களைப் பெருக்க வேண்டும். ஈ 11, ஐ 23, எல் 37, என் 43, எஸ் 67, டி 71, பெருக்கினால் 1,91,48,01,911. லிசனுக்கும் சைலன்ட்டுக்கும் இதே எண்தான் வரும். எழுத்துகள் வேறான வேறு எந்தச் சொல்லுக்கும் இது வராது. ஒரு சொல்லின் எண் இந்த எண்ணை மீதியின்றி வகுத்தால் அது இரண்டாம் வகை. இந்த எண் அந்தச் சொல்லின் எண்ணை மீதியின்றி வகுத்தால் அது மூன்றாம் வகை. வகுத்தலின் திசையை மாற்றினால் கேள்வியே மாறிவிடுகிறது என்பது எனக்கு இன்றும் பிடித்த விஷயம். ஆனால் நீண்ட சொற்களில் இந்தப் பெருக்கல், கணினி வழக்கமாக ஓர் எண்ணுக்கு ஒதுக்கும் 64 பிட் இடத்தின் எல்லையைத் தாண்டிவிடலாம். சி, ஜாவா போன்ற மொழிகளில் எழுதினால் எச்சரிக்கை எதுவும் இல்லாமல் தவறான விடை வரும். பைத்தானில் முழு எண்ணுக்கு அந்த எல்லை இல்லை என்றாலும், கவுன்டர் இருக்கும்போது இதற்கு அவசியமும் இல்லை.

பலகையில் ஏற்கெனவே உள்ள சொற்களோடு பொருத்தி ஆடும் நிரல்களுக்கு மட்டும் இதைவிட நுட்பமான அமைப்புகள் தேவைப்பட்டன. ஆண்ட்ரூ ஆப்பெல், கை ஜேக்கப்சன் இருவரும் 1988இல் வெளியிட்ட கட்டுரையில், சொற்களின் முதற்பகுதிகளை மட்டுமல்லாமல் ஒத்த முடிவுகளையும் ஒன்றாக இணைத்துச் சுருக்கிய ஒரு வலையமைப்பைப் பயன்படுத்தினார்கள். 1994இல் ஸ்டீவன் கார்டன் அதைவிட வேகமாகத் தேடும், ஆனால் அதிக நினைவகம் கேட்கும் கேடாக் அமைப்பை விவரித்தார். உங்கள் தேவைக்கு இவை மிகை.

முறை எதுவானாலும் நிரல் தான் தேடும் பட்டியலில் உள்ளதை மட்டுமே கண்டுபிடிக்கும். 'ஆங்கிலச் சொற்கள் அனைத்தும்' அடங்கிய பட்டியல் உலகில் எங்கும் கிடையாது. தளத்துக்குத் தளம் விடை மாறுவதற்குப் பெரிய காரணம் இதுதான். மேக் கணினியில் உள்ளே சேர்ந்தே வரும் சொற்கோப்பு 1934ஆம் ஆண்டின் வெப்ஸ்டர் இரண்டாம் பதிப்பிலிருந்து எடுக்கப்பட்டது. சுமார் 2,35,000 சொற்கள் உள்ளதால் பெரிதாகத்தான் தோன்றும். ஆனால் அது அகராதியின் தலைச்சொற்களைத் தொகுத்தது. எஸ் சேர்த்த பன்மைகளும் வினைத் திரிபுகளும் அதில் பெரும்பாலும் இல்லை. இன்லெட் கிடைக்கும், இன்லெட்ஸ் கிடைக்காமல் போகும். உங்கள் ஐந்து அங்கே நான்காகிவிடும். லினக்ஸ் கணினிகளில் வரும் கோப்புகளில் பன்மைகள் உண்டு. கூடவே ஆட்பெயர், ஊர்ப்பெயர், மேற்குறி இட்ட வடிவங்கள் எல்லாம் கலந்திருக்கும், ஆகவே பெரிய எழுத்தில் தொடங்குவனவற்றையும் குறியுள்ளவற்றையும் முதலில் வடிகட்ட வேண்டும்.

ஸ்கிராபிள் போட்டிகளிலேயே இரண்டு பட்டியல்கள் இருக்கின்றன. அமெரிக்காவிலும் கனடாவிலும் ஒன்று, அதில் இரண்டு லட்சத்துக்குச் சற்றுக் குறைவான சொற்கள். ஆங்கிலத்தில் ஆடும் பிற நாடுகளில் பெரும்பாலும் கோலின்ஸ் பட்டியல், அதில் சுமார் 2,80,000. பலகை பதினைந்து கட்டங்கள் அகலம் என்பதால், பதினைந்து எழுத்துக்கு மேற்பட்ட சொற்களுக்கு இவற்றில் வேலையில்லை. கோலின்ஸில் தேடினால் உங்கள் ஐந்தோடு எலின்ட்ஸ் என்ற ஆறாவது சொல்லும் வரும். மின்னணு வழி உளவுச் சேகரிப்பைக் குறிக்கும் சுருக்கப்பெயர் சொல்லாகி, பன்மையும் ஏற்றது அது. எந்த ஆங்கிலேயரிடம் சொன்னாலும் நெற்றியைச் சுருக்குவார், ஆனால் போட்டியில் செல்லும். இந்தப் பட்டியல்கள் மாறாதவையும் அல்ல. க்யூ, ஐ இரண்டும் சேர்ந்த சீ என்ற சொல்லும், பீட்ஸாவின் சுருக்கமான ஸா என்பதும் வட அமெரிக்கப் பட்டியலில் 2006இல்தான் நுழைந்தன. அங்கே ஓகே சொல்லாக ஏற்கப்பட்டது 2018இல். 2020இல் வட அமெரிக்கப் பட்டியலிலிருந்தும் 2021இல் மற்றதிலிருந்தும் சமூகங்களை இழிவுபடுத்தும் சொற்கள் பல நீக்கப்பட்டன. ஆகவே ஒரு சொல் 'இருக்கிறதா' என்பது யாரோ கூடி எடுத்த முடிவு. எந்த ஆண்டின் எந்தப் பட்டியல் என்று சொல்லாத தளத்தின் எண்ணிக்கையை நான் பொருட்படுத்த மாட்டேன்.

எஸ் என்ற எழுத்தைப் பற்றித் தனியாக ஒரு வார்த்தை. ஆல்ஃபிரட் பட்ஸ் 1930களில் ஸ்கிராபிளை உருவாக்கியபோது, செய்தித்தாள் பக்கங்களில் எந்த எழுத்து எத்தனை முறை வருகிறது என்று எண்ணி அதன்படி கட்டைகளைப் பங்கிட்டார். மொத்தம் 100 கட்டைகளில் ஈ மட்டும் 12. ஆனால் ஆங்கிலத்தில் அடிக்கடி வரும் எஸ்ஸுக்கு நான்கே கட்டைகள். தாராளமாகக் கொடுத்திருந்தால் எல்லோரும் பன்மையாக்கியே புள்ளி சேர்த்துவிடுவார்கள். ஸ்பெல்லிங் பீ புதிரில் பொதுவாக எஸ் வருவதே இல்லை என்பதற்கும் இதே காரணம்தான் பொருந்துகிறது. உங்கள் ஆறு எழுத்தில் எஸ் இருப்பதால்தான் இரண்டாம் வகைப் பட்டியல் அவ்வளவு நீண்டது. அதை எடுத்துவிட்டு மற்ற ஐந்தைப் போட்டுப் பாருங்கள், பட்டியல் வெகுவாகச் சுருங்கும்.

கருவி இல்லாமல் தேடும் பயிற்சிக்கு, நான் பிள்ளைகளுக்குச் சொல்வது இதுதான்: எழுத்துகளை நேர்கோட்டில் வைக்காமல் வட்டமாக வையுங்கள், இங், எர், எஸ்ட் போன்ற ஈறுகளும் ரீ, அன் போன்ற முன்னொட்டுகளும் தென்பட்டால் தனியே ஒதுக்கிவிட்டு மிச்சத்தைப் பாருங்கள். தேர்ந்த ஆட்டக்காரர்கள் இதற்கு மேலே போய், அதிகச் சொற்களைத் தரும் ஆறெழுத்துத் தொகுதிகளை மனப்பாடம் செய்கிறார்கள். ஏ, ஈ, ஐ, என், எஸ், டி அவற்றில் புகழ்பெற்றது: அதோடு எம் சேர்ந்தால் இன்மேட்ஸ், கே சேர்ந்தால் இன்டேக்ஸ், ஜி சேர்ந்தால் சீட்டிங், டீசிங், எல் சேர்ந்தால் சேலியன்ட், வி சேர்ந்தால் நேட்டிவ்ஸ். கையில் உள்ள ஏழு கட்டைகளையும் ஒரே வீச்சில் வைத்தால் 50 புள்ளி கூடுதலாகக் கிடைக்கும் என்பதால் இந்த உழைப்பு வீண்போவதில்லை. இதில் பொருள் தெரிவது எவ்வளவு உதவும் என்று எனக்குச் சந்தேகம்தான். நியூசிலாந்தைச் சேர்ந்த நைஜல் ரிச்சர்ட்ஸ், பிரெஞ்சு பேசத் தெரியாமலே 2015இல் பிரெஞ்சு ஸ்கிராபிள் உலகப் போட்டியை வென்றார். 2024இல் ஸ்பானிய மொழியிலும் அதையே செய்தார். அவர் அளவுக்கு இல்லாவிட்டாலும், பிள்ளைகளிலும் எழுத்துச் சேர்க்கையைக் கண்ணால் பிடிப்பவர்கள் பொருளைத் தேடுபவர்களை முந்துவதைப் பார்த்திருக்கிறேன். இது என் கண்ணில் பட்டது மட்டுமே, நிறுவப்பட்ட உண்மை என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

உங்கள் வேலையைப் பொறுத்தவரை, எனேபிள் என்ற சொற்பட்டியலைப் பதிவிறக்கிக்கொள்ளுங்கள். சுமார் 1,73,000 சொற்கள், பன்மைகளும் வினைத் திரிபுகளும் சேர்ந்தவை. யாரும் தடையின்றிப் பயன்படுத்தலாம் என்று பொதுவில் விடப்பட்டது என்பதால் உங்கள் நிரலோடு பிறருக்குத் தருவதிலும் சிக்கல் இல்லை. கோலின்ஸ் பட்டியலுக்குக் காப்புரிமை உண்டு. இதே நிரலைத் தமிழ்ச் சொற்களுக்குத் திருப்பலாம் என்று எண்ணினால், அப்படியே ஓட்டாதீர்கள்: யுனிகோட் முறையில் 'கி' என்பது க ஒரு குறியீடு, இகரக் குறி இன்னொரு குறியீடு என இரண்டாகத்தான் சேமிக்கப்படுகிறது, அகரவரிசைப்படி அடுக்கும்போது உயிர்க்குறிகள் எல்லாம் மெய்யை விட்டுப் பிரிந்து ஒரு மூலையில் குவிந்துவிடும். முதலில் எழுத்து எழுத்தாகப் பிரித்துக்கொண்ட பிறகே அடுக்க வேண்டும்.

ஆங்கில நிரலை எழுதி முடித்ததும் உங்கள் ஆறு எழுத்துகளையே கொடுத்துச் சோதியுங்கள். இரண்டாம் வகைத் தேடலில் டென்னிஸ் வந்தால் எண்ணிக்கையைப் பார்க்கத் தவறியிருக்கிறீர்கள். நான்காம் வகையில் அது வராவிட்டால் தேவையில்லாத இடத்தில் எண்ணிக்கையைப் பார்க்கிறீர்கள். முதல் வகையில் இன்லெட்ஸ் வராவிட்டால் நிரலைத் திருத்தாமல் பட்டியலை மாற்றுங்கள். மூன்றாம் வகையில் எசென்ஷியல் வர வேண்டும், இன்டெலிஜன்ஸ் வரக்கூடாது, அதன் பன்மையான இன்டெலிஜன்ஸஸ் உங்கள் பட்டியலில் இருந்தால் அது வர வேண்டும்.